விதியா, வசதியின்மையா?

ஒரு துன்பத்திற்கு ‘விதி’ என்று பெயரிட்டுவிட்டால், அதைப்பற்றி மேலும் சிந்திக்கும் சிரமம் நமக்கு இல்லாமற் போய்விடுகிறது. இக்காலத்தில் அச்சொல்லின் இடத்தில் ‘ஆபத்து’ என்னும் சொல் வந்து அமர்ந்து, சில வேளைகளில் அதே வேலையைச் செய்கின்றது. சிறுநீரகங்கள் செயலிழந்து, டயாலிசிஸ் இயந்திரத்தின் துணையால் உயிர்வாழும் பெண் ஒருத்தி கருவுற்றால், அல்லது கருவுற விரும்பினால், நாம் அவளுக்குச் சொல்ல வேண்டுவது யாது? இக்கேள்வியை ஈண்டுச் சற்று ஆராய்வோம்.

இது வீண் கேள்வி அன்று. மலேசியாவில் டயாலிசிஸ் செய்துகொள்வோர் தொகை 50,000-ஐக் கடந்துவிட்டது. நீரிழிவே இதற்குத் தலையாய காரணம். இவர்களுட் பெரும்பாலோர் முதியோரே. எனினும் இளம் பெண்களும் இருக்கின்றனர். வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தருகே கிடக்கும் அப்பெண்ணின் செவியில் இருவேறு குரல்கள் விழுகின்றன. “குடும்பத்திற்கு ஒரு வாரிசு வேண்டாமா?” என்பது ஒன்று. “அதை நினைக்கவும் கூடாது” என்பது மற்றொன்று. இவை ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றினும் ஒரு வகையில் உறவினவே. இரண்டும் அவளுடைய விருப்பத்தைக் கேட்பதில்லை.

முதலில் உண்மையை மறையாது கூறுவோம். நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் ஓயாது உழைக்கின்றது. இயந்திரமோ 12 மணி நேரமே உழைக்கின்றது. எஞ்சிய நேரத்தில் தாயின் இரத்தத்தில் தேங்கும் யூரியா நச்சுக்கொடி வழியே கருவையும் அடைகின்றது. அதனால் கருவின் சிறுநீர் மிகுந்து, பனிக்குடத்தில் நீர் பெருகி, குறைமாதப் பிரசவம் நேர்கின்றது. இரத்தச் சோகை கடுமையாகின்றது. இரத்த அழுத்தம் ஏறித் தாயுயிரையும் அச்சுறுத்துகின்றது. அழுத்தத்திற்கு உண்ணும் மருந்துகளுட் சில கருவுக்குக் கேடு செய்வன. இந்நோயாளர்க்கு மாதவிலக்கு ஒழுங்காக வாராமையால், கருவுற்ற செய்தியே காலந்தாழ்த்துத் தெரியவருவதுண்டு. இவற்றை மறைப்பவர் அவளுக்கு நண்பராகார்.

ஆனால் உண்மை இத்துடன் முடியவில்லை. டயாலிசிஸில் இருந்த ஒரு பெண் நிறைமாதக் குழந்தை பெற்ற செய்தியை 1971-ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர்கள் உலகிற்கு அறிவித்தனர். 1980-இல் ஐரோப்பிய மருத்துவர்கள் கணக்கெடுத்தபோது, கலைக்கப்படாத கருக்களுள் நான்கில் ஒன்றுக்கும் குறைவாகவே உயிருள்ள குழந்தையாயிற்று. 2014-இல் கனடாவின் டொரொண்டோ மருத்துவர்கள் தம் நாட்டுக் கணக்கையும் அமெரிக்கக் கணக்கையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டனர். வாரம் 20 மணிக்கு மேற்படாது டயாலிசிஸ் பெற்றோருள் நூற்றுக்கு 48 பேருக்கே குழந்தை உயிருடன் பிறந்தது. 36 மணிக்கு மேற்பட்டுப் பெற்றோருள் நூற்றுக்கு 85 பேருக்குப் பிறந்தது. ஆராயப்பட்ட பெண்கள் தொகை சிறிது. கவனிப்பின் பிற வேற்றுமைகளும் இருந்திருக்கலாம். ஆயினும் வழி எத்திசையில் உள்ளதென்பது தெளிவு. நோய் ஒன்றே, மணிக்கணக்கு மட்டும் வேறு. தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் எழுதும் நம்மனோர்க்கு, மணிக்கணக்கு ஒரு குடும்பத்தின் வாழ்வை எவ்வளவு மாற்றும் என்பதைப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை.

நம் முன்னோர் கண்ட ஒன்றை இங்கே நினைவுகூர்தல் தகும். தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் மலேரியாக் காய்ச்சல் மக்களை வாரிச் சென்ற காலத்தில், அதை ஊர்த் தண்ணீரின் குற்றமென்றும், தெய்வக் குற்றமென்றும் பலர் நம்பினர். 1901-இல் மருத்துவர் மால்கம் வாட்சன் கிள்ளானில் சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்தார், காய்ச்சலும் வடிந்தது. தலையெழுத்தென்று கருதப்பட்டது வெட்டப்படாத வாய்க்காலாக இருந்தது! அதுபோலவே, இப்பெண்ணை எதிர்நோக்கும் ஆபத்தில் இயற்கையின் பங்கு எவ்வளவு, நாம் கொடாத மணி நேரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டாவா?

இதற்கு ஒரு தடை கூறப்படும். “வாரம் 36 மணி என்பது மூன்று நோயாளர்க்குரிய நேரமன்றோ? இயந்திரம் குறைவாயுள்ள இடத்தில் ஒருத்திக்கு இவ்வளவு கொடுப்பது நீதியா?” இது நேர்மையான கேள்வி, தட்டிக்கழிக்கத் தக்கதன்று. இத்தகைய தாய்மார் மிகச் சிலரே என்பதும், அம்மிகுதி நேரம் சில மாதங்களுக்கே வேண்டும் என்பதும் ஒரு விடை. அதனினும் முக்கியமான விடை வேறு. கொடுக்க இயலவில்லையாயின், “எங்களிடம் போதிய இயந்திரம் இல்லை” என்று சொல்வோம்; “நீ தாயாகத் தகாதவள்” என்று சொல்லாதிருப்போம். முன்னது நம் குறையை நம்மிடமே வைக்கின்றது. நாளை அதைத் திருத்த இடமுண்டு. பின்னது நம் குறையை அவள் உடலின் மேல் ஏற்றிவிடுகின்றது.

1929-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்த பெரியார் ஈ.வெ.ரா., கர்ப்பத்தடையைப் பெண் விடுதலைக்கே வேண்டுவதென வற்புறுத்தியவர். உடல்நலத்திற்காகவும் குடும்பச் செல்வத்திற்காகவும் மட்டும் அதனை ஆதரித்தோரினின்றும் அவர் வேறுபட்டது இங்கேதான். அக்கொள்கையை முழுதும் ஏற்போமாயின் அது இருபுறமும் செல்லும். பிள்ளை வேண்டாம் என்பாளை ‘மலடி’ என்று இகழ நமக்கு உரிமையில்லை. வேண்டும் என்பாளைப் ‘பேராசைக்காரி’ என்று ஏசவும் உரிமையில்லை. தாயின் உயிருக்கோ உடல், மன நலத்திற்கோ கேடு மிகுமென மருத்துவர் கருதினால் கருவைக் கலைக்க, 1989-இல் திருத்தப்பட்ட நம் நாட்டுச் சட்டம் இடந்தருகின்றது. அவ்வழியை நாடுபவளும் பழிக்கத் தக்கவளல்லள். மாற்றுச் சிறுநீரகம் பெற்று, ஓராண்டேனும் பொறுத்துக் கருவுறுதல் இன்னும் பாதுகாப்பானது என்பதையும் அவளுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். தேர்வு அவளுடையது, அத்தேர்வுக்கு வேண்டும் அறிவும் வசதியும் அளிப்பது நம் கடமை.

அக்கடமை பேச்சோடு நிற்கலாகாது. சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் உட்பகுதித் தோட்டங்களில் இருப்பவள் வாரம் ஆறு நாள் ஈப்போவுக்கு எவ்வாறு வந்து செல்வாள்? வண்டிக்கூலி யார் கொடுப்பார்? கூலி இழக்கும் கணவனுக்கு யார் துணை? திருவிழாக்களில் வாணவேடிக்கைக்கும் பந்தலுக்கும் பணம் திரட்ட வல்ல நம் சங்கங்கள், ஒரு வண்டியும் சில நூறு மணி நேரமும் திரட்ட இயலாவோ? கருவுறுமுன்னரே சிறுநீரக மருத்துவரையும் மகப்பேற்று மருத்துவரையும் ஒருங்கே கலந்து பேசும் வழக்கத்தையாவது நம் குடும்பங்களில் பரப்புவோம். பின்னர், அவள் ஆம் என்றாலும் அன்று என்றாலும், அவள் பக்கத்தில் நிற்போமாக.