தனிவழிப் பயணியும் தாலின் நகரும்

தனித்துப் பயணம் செய்பவன் விடுதலை பெற்றவனா, அன்றித் துணையை இழந்தவனா? நண்பர் ஒருவர் அண்மையில் நமக்குப் படித்துக் காட்டிய பயணக் குறிப்பொன்று இவ்வினாவை எழுப்பிவிட்டுச் சென்றது. எழுதியவர் ஓர் ஐரோப்பியர். மோட்டார் சைக்கிளில், துணை எவருமின்றி, லிதுவேனியாவின் வில்னியசிலிருந்து லாத்வியாவின் ரீகா வழியாக எஸ்தோனியாவின் தலைநகர் தாலினை அடைந்திருக்கிறார். எவருக்காகவும் காத்திராமல், விரும்பிய இடத்தில் நின்று, விரும்பிய நேரத்தில் புறப்பட்டதைப் பெரும் பேறாக அவர் எழுதுகிறார்.

இதனைக் கேட்டவுடன் மறுத்துரைக்கவே நம் நா எழுந்தது. இரவில் ஒருவர் தனியே பயணம் செய்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதை மதரஸாவின் இளம் மாணவரும் அறிவர். எனினும், வழிகள் அச்சம் மிகுந்திருந்த காலத்தை ஒட்டியே உலமாக்கள் பலர் அதற்கு விளக்கம் தந்துள்ளனர். தனிமையை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் எளிதில் தள்ளிவிடவில்லை. தம் 'இஹ்யா'வில் தனித்திருத்தலுக்கு ஒரு நூலும், அதனை அடுத்துப் பயணத்திற்கு ஒரு நூலும் வகுத்துள்ளார்கள். ஆகவே அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூற நாம் துணியவில்லை. மேலே படிக்கும்படி நண்பரைக் கேட்டுக்கொண்டோம்.

தாலின் பழமையான நகரம். 1154இல் சிசிலி மன்னர் ரோஜருக்காக அல்-இத்ரீஸி வரைந்தளித்த உலகப் படத்திலும் அதனுடன் சேர்ந்த நூலிலும் குறிக்கப்பெறும் ஊர்களுள் ஒன்று இந்நகரமே என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். 1219இல் டென்மார்க்கினர் கைப்பற்றினர். பின்னர் வடகடல் வணிகர்களின் ஹன்ஸா கூட்டமைப்பில் சேர்ந்து செழித்தது. 1404இல் கட்டி முடிக்கப்பெற்ற நகர மண்டபம் இன்றும் நிற்கிறது. அதன் எதிரேயுள்ள மருந்துக் கடையைப் பற்றிய குறிப்பு 1422 முதலே கிடைக்கிறது. மதிலும் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் அளவுக்கு எஞ்சியுள்ளது. உள்ளே கல் பாவிய குறுந்தெருக்கள். மழை நனைத்த கல்லில் சக்கரம் வழுக்குமென்று வண்டியை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்திருக்கிறார் நம் பயணி. தூம்பெயா என்னும் மேட்டுக்கு ஏறும் இரு வழிகளுக்கு நெட்டைக் கால், குட்டைக் கால் என்று பெயராம். ஒரு கால் நீண்டு மறுகால் குறுகியதால் தாலின் நொண்டி நடக்கிறது என்று ஊரார் நகையாடுவராம்.

அங்கு நிகுலிஸ்தே என்றொரு பழந்தேவாலயம் உண்டு. 1944 மார்ச் 9 அன்று சோவியத் விமானங்கள் குண்டுவீசியதில் எரிந்து, பிற்காலத்தில் புதுக்கப்பெற்று, இன்று கலைக்கூடமாக விளங்குகிறது. முன்னரே வேறிடத்துக்கு அகற்றியதால் பிழைத்த ஓவியமொன்று அங்கே உள்ளது. பெர்ன்ட் நோட்கே 15ஆம் நூற்றாண்டில் தீட்டியது. எஞ்சிய பகுதியின் நீளம் ஏழரை மீட்டர். போப்பையும் பேரரசரையும் பேரரசியையும் மன்னரையும் கைப்பிடித்து நடனமாட அழைக்கிறது மரணம். அதன்முன் நெடுநேரம் நின்ற பயணி, பக்கத்தில் பேச ஒருவர் இல்லையே என்று முதன்முறையாக ஏங்கினேன் என எழுதியுள்ளார். காத்திருக்க வேண்டாத இன்பத்தைப் போற்றியவரும் இவரே!

ஹிஜ்ரி 725இல், அதாவது 1325இல், தாஞ்சியரிலிருந்து தன்னந்தனியே புறப்பட்ட இளைஞர் இப்னு பத்தூதா நம் நினைவில் எழுந்தார். வழியில் காய்ச்சல் கண்டு, விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டார். அப்போதும் அவர் உள்ளம் தளரவில்லை. ஆனால் தூனிஸ் நகரத்தார் எதிர்கொண்டு வந்து, உடன் வந்த பெரியவர்களுக்கு ஸலாம் கூறி வரவேற்ற வேளையில் அவரை ஏறிட்டுப் பார்ப்பார் ஒருவருமில்லை. அழுதுவிட்டார். அதனைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகே வந்து, ஸலாம் கூறி, ஊருக்குள் நுழையும்வரை இனிமையாகப் பேசிக்கொண்டே நடந்தார். அன்றிரவு அவர் தங்கியது ஒரு மதரஸாவில்.

வழியில் தனிமை வாட்டுவதில்லை. பலர் கூடி வாழும் ஊரில்தான் வாட்டுகிறது. காரணம், நகரம் என்பது ஒருவரால் ஆகிய பொருளன்று. நம் பயணி தனியே ஓட்டிக் கடந்த அம்மூன்று தலைநகரங்களையும் இணைத்து, 1989 ஆகஸ்ட் 23 அன்று, சுமார் இருபது இலட்சம் மக்கள் அறுநூறு கிலோமீட்டருக்கும் மேலாகக் கைகோத்து நின்றனர். சோவியத் ஆட்சியினின்று விடுதலை வேண்டிய சங்கிலி அது. 2007 டிசம்பர் முதல் அந்நாடுகளின் எல்லைகளில் அவரைப் போன்ற பயணியர் நிற்காமல் செல்ல இயல்கிறதென்றால், அதற்கு வழிவகுத்தோருள் அன்று நின்றவர்களும் உண்டு. தனியொருவனின் விடுதலை கூட்டத்தாரிடம் பெற்ற கடனாகவே நமக்குப் படுகிறது. பயணி இதனைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. நாம் குறைகூறவில்லை, வண்டியோட்டுபவனுக்குச் சாலைமீதே கண்.

கடன் அவனுக்கு மட்டுமா? ஊரில் இருப்பவனுக்கும் ஒன்று இல்லையா? சில ஆண்டுகளுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் நம் பள்ளிவாசல் தூணருகே, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, முகமறியா ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாடவேளை நெருங்கிவிட்டதென்று ஸலாம் மட்டும் கூறிவிட்டு விரைந்தோம். எந்த ஊர், சாப்பிட்டாயிற்றா என்று கேட்கவில்லை. பாடம் முடிந்து திரும்புகையில் தூணருகே எவருமில்லை. அன்று நடத்திய பாடம் எதுவென்று நமக்கு இப்போது நினைவில்லை.