பால்மரத்தடியில் ஓர் உடும்பு

கெமாஸ் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு, பிராணிகளைப் பார்க்கவென்றே ஓரிடத்துக்குப் போவது கொஞ்சம் வேடிக்கையான காரியம்தான். விடியுமுன் தலைவிளக்கோடு பால்மர நிரைக்குள் நுழையும் பெண்ணால் பாம்பை நின்று ரசிக்க முடியுமா? காட்டுப்பன்றி இளங்கன்றுகளைப் புரட்டிப் போடும். அகப்பட்டால் லயம் முழுக்கக் கறி. லயத்துக் கூரையில் கூகை அலறினால் யார் வீட்டில் சாவோ என்று பாட்டிமார் கலங்குவார்கள். அந்தச் சாக்குருவிக்குத்தான் இன்று செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டுக் கூண்டு வைக்கிறார்கள், எலி பிடிக்கட்டுமென்று. நிர்வாகம் சகுனம் பார்ப்பதில்லை.

கோலாலம்பூரில் மகள் வீட்டுக்கு ரயிலேறிப் போனால் காலையில் நான் தாமான் ரிம்பா கியாரா பூங்காவுக்குக் கிளம்பிவிடுவேன். "எஸ்டேட்டுல பாக்காத குருவியா?" என்பாள் மனைவி. பார்த்ததுதான். போன தடவை அங்கே சுங்கை பெஞ்சாலா ஆற்றோரத்தில் ஒரு பெரிய உடும்பு, பிளந்த நாக்கை நீட்டி நீட்டி மண்ணை மோந்துகொண்டு, யாரையும் சட்டை செய்யாமல் நடந்தது. என் கை தானாகக் கம்பு தேடியது. பக்கத்தில் ஒரு சிறுமி, அது தண்ணீரில் இறங்கும்வரை மூச்சுவிடாமல் நின்றாள். கோழி வளர்க்காத வீட்டுப் பிள்ளை!

அப்படியானால் பசியும் பயமும் போன பிறகு வரும் சொகுசுதானா இந்த ரசனை? முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். பால் வெட்டிய என் அம்மாவுக்கு எந்தப் பறவை எப்போது கத்தும் என்பது அத்துப்படி. மழை வந்தால் அன்றைய வெட்டு போச்சு என்பதால் வானத்தையும் நன்றாகப் படிப்பார். கண் இருந்தது, நின்று பார்க்க நேரம்தான் இல்லை. அந்த நேரம் நமக்கு வாய்த்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால், யார் உழைத்த மண்ணில் நிற்கிறோம் என்று தெரியாமல் ரசிப்பது எனக்கு ஒப்பவில்லை.

அந்தப் பூங்கா இருக்கும் புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். குன்றுக் காட்டில் இன்றும் பால்மரங்கள் நிற்கின்றன. வெயில் ஏறினால் காய் வெடிக்கும் சத்தம் கேட்கும். அரசு நிலத்தை எடுத்த பிறகு, தொழிலாளர் குடும்பங்கள் 1980-களின் தொடக்கத்தில் பக்கத்திலேயே வரிசை வீடுகளில் குடிவைக்கப்பட்டன. தற்காலிகம் என்றுதான் பேச்சு. பின்னர் பூங்கா நிலத்தில் அடுக்குமாடிகள் கட்டும் திட்டம் வந்தது. அந்தக் குடும்பங்களுக்கான வீடுகளும் அதற்குள்ளேயே சேர்க்கப்பட்டன. பக்கத்துத் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் 2017-இல் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றம் திட்ட அனுமதியை ரத்து செய்தது. பூங்கா பிழைத்தது.

நல்ல தீர்ப்பு, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. வழக்காடியவர்களும் தோட்டத்து மக்களுக்கு வீடு வேண்டாமென்று சொல்லவில்லை, இருக்கும் இடத்திலேயே கட்டிக்கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். ஆனாலும் தீர்ப்பு நாளில், நாற்பது வருஷம் கழித்தும், தோட்டத்து மக்கள் அதே வரிசை வீடுகளில்தான் இருந்தார்கள். காட்டையும் வீட்டையும் ஒரே திட்டத்தில் முடிச்சுப் போட்டது யார் யோசனையோ, கெட்டிக்கார யோசனை.

அங்கே பறவை பார்க்கப் போகிறவர்கள் அந்த வீடுகள் பக்கமும் ஒருநடை போய் வாருங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்தித்தால், காட்டைப் பற்றிக் கேட்கும்போது அந்தக் குடும்பங்களின் வீட்டைப் பற்றியும் கேளுங்கள்.