வலது கையும் சரக்குக் கட்டணமும்

மத்தேயு நற்செய்தியில் திராட்சைத் தோட்டக் கூலிக் கதை ஒன்று உண்டு. விடிகாலையில் வேலைக்கு வந்தவனுக்கும் பொழுது சாயும்போது வந்தவனுக்கும் முதலாளி ஒரே கூலி தருகிறான். காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். பிரசங்கத்தில் ஃபாதர் எப்போதும் முதலாளியின் தாராள மனசைத்தான் விளக்குவார். எனக்கு உறுத்துவது வேறு. கடைசி ஆளிலிருந்து தொடங்கிக் கூலி கொடுக்கச் சொல்கிறான் அந்த முதலாளி. முதலில் வந்தவனுக்கு முதலில் கொடுத்திருந்தால் அவன் காசை முடிந்துகொண்டு சந்தோஷமாக வீடு போய்ச் சேர்ந்திருப்பான், சண்டையே வந்திருக்காது. ஆனால் எல்லாரையும் நிற்கவைத்து, எல்லார் கண்முன்னாலும் கொடுக்கிறான். ஏச்சு வாங்கவும் தயாராக இருந்திருக்கிறான்.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்ற போதனையும் அதே மத்தேயுவில்தான் இருக்கிறது. இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது? எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு பக்கம் எல்லையம்மன், இன்னொரு பக்கம் பழவேற்காட்டு மகிமை மாதா. இருவரிடமும் கேட்டாயிற்று. ஆனாலும் ரயில்வேயில் பார்சல் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்று லைட்ஹவுஸ் குப்பத்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தக் கேள்வி சரக்குக் கட்டணமாகத்தானே வந்து நிற்கும்?

1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தில் 61ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சரக்கு வாங்கும் ஒவ்வொரு நிலையத்திலும் கட்டணப் புத்தகம் இருக்க வேண்டும். யார் வந்து கேட்டாலும், உரிய நேரத்தில், ஒரு பைசா வாங்காமல் காட்ட வேண்டும். எங்கள் மேஜையில் இருந்த புத்தகம் ஓரம் மடங்கி, மீன் பெட்டியிலிருந்து வடிந்த ஐஸ் தண்ணீர் பட்டு, தாள் உப்பிப் போய்க் கிடக்கும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை நகத்தால்தான் பிரிக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தவர்கள் குறைவு. கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

70ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. குறிப்பிட்ட ஓர் ஆளுக்கோ குறிப்பிட்ட வகைச் சரக்குக்கோ ரயில்வே நியாயமில்லாத சலுகை காட்டக் கூடாது. 1890 சட்டத்திலேயே இருந்த விதிதான் இது. மீறினால் முறையிட ரயில்வே கட்டணத் தீர்ப்பாயம் இருந்தது; நம் சென்னையிலிருந்துதான் இயங்கியது. 2017இன் நிதிச் சட்டம் அதை இன்னொரு தீர்ப்பாயத்தோடு சேர்த்துவிட்டது. இதற்கெல்லாம் நடுவில் 32ஆம் பிரிவு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இந்த நிலையத்திலிருந்து அந்த நிலையத்துக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் சொல்லவும், மொத்தமாக ஒரு தொகை வாங்கவும் நிர்வாகத்துக்கு அது இடம் கொடுக்கிறது. புத்தகத்தைத் திறந்து வைக்கச் சொல்லும் அதே சட்டம், புத்தகத்துக்கு வெளியே பேசவும் வழி விடுகிறது.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு, அழுத்தினால் இன்னொரு கணக்கு. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். எங்கள் கரையில் அது நடக்காது. படகு வந்ததும் இறாலைக் கொட்டி ஏலம் கூவுவார்கள். யார் எவ்வளவுக்கு எடுத்தார்கள் என்பது குழந்தைக்கும் கேட்கும். முன்பணம் வாங்கி வியாபாரியிடம் மாட்டிக்கொண்டவனுக்கு மட்டும் ஏலம் கிடையாது. அவன் சரக்குக்குத் துண்டும் தேவையில்லை.

மாட்டை விற்பவன் விலை படியாவிட்டால் அடுத்த வாரம் ஓட்டிக்கொண்டு வரலாம். இறாலுக்கு அடுத்த வாரம் ஏது? ஐஸ் உருகும் நேரம்தான் அதற்கு ஆயுசு. காத்திருக்க முடியாதவனால் பேரம் பேசவும் முடியாது. அமெரிக்காவில் 1980இல் ஸ்டேகர்ஸ் சட்டம் வந்தபோது ரயில் கம்பெனியும் சரக்கு அனுப்புகிறவரும் தனி ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வழி பிறந்தது. பெரும்பாலான சரக்குக்கு அது அவர்கள் இருவர் சமாச்சாரம். விவசாய விளைபொருளுக்கு மட்டும் இன்றும் ஒரு தனி விதி: ரகசியமில்லாத விவரங்களைச் சுருக்கமாக எழுதி அரசு வாரியத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நிலக்கரிக்குக் கேட்காததைக் கோதுமைக்கு ஏன் கேட்கிறார்கள் என்று இறால் பெட்டியோடு நடைமேடையில் நிற்கிறவனுக்கு விளக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் 2020 பட்ஜெட் உரையில் கிசான் ரயில் அறிவித்தார்கள். பால், இறைச்சி, மீன் மூன்றும் அந்த அறிவிப்பில் இருந்தன. ஆகஸ்ட் 7 அன்று முதல் வண்டி மகாராஷ்டிரத்து தேவ்லாலியிலிருந்து பீகாரின் தானாப்பூருக்குப் புறப்பட்டது. பின்னாலேயே 50 சதவீதக் கட்டண மானியமும் வந்தது, பழத்துக்கும் காய்கறிக்கும். மீன் அந்தப் பட்டியலில் இல்லை. டீக்கடையில் நான் சத்தம் போட்டேன். கத்தும்போதே அந்தத் திராட்சைத் தோட்டத்து முதலாளி ஞாபகம் வந்தான். மாதுளைக்குக் கொடுத்து நண்டுக்குக் கொடுக்காதது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் ஊரறியச் சொல்லிக் கொடுத்தார்கள். முணுமுணுக்கிற உரிமையையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். துண்டுக்குள் கொடுத்திருந்தால் எதை வைத்து முணுமுணுப்பது?

அதனால் எனக்குப் படுவது இது: தன் மடியிலிருந்து கொடுக்கிறவன் இடது கைக்கு மறைக்கலாம், அதுதான் அழகு. பொதுச் சொத்திலிருந்து சலுகை கொடுக்கிறவனுக்கு வலது கை, இடது கை என்ற பிரிவே கிடையாது. தண்டவாளம் அதிகாரியின் அப்பன் வீட்டுச் சொத்து இல்லை.

ஜமீலாபாத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், ஓலைக்கூடை வியாபாரம். அவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "மீன் எங்கே படுதுன்னு உங்க ஆளுங்க யாராவது சொல்லுவானா? வியாபாரிக்கு மட்டும் என்ன?" என்பார். நியாயமான கேள்விதான். என் தம்பியே வலை போட்ட இடத்தை என்னிடம் மாற்றித்தான் சொல்வான். ஆனால் அது அவன் கண்ணும் கையும் தேடிக் கண்டது. ரயில் கட்டணத்தில் கிடைத்த தள்ளுபடியை எந்த வியாபாரியும் கடலில் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவும் வணிக ரகசியத்துக்கு மதிப்புக் கொடுத்துவிட்டு, பெரிய பொது நன்மை இருந்தால் வெளியிடலாம் என்றுதான் சொல்கிறது.

வெளிச்சம் இருந்தால் நியாயம் தானாக வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பழவேற்காட்டு ஏரியில் சில குப்பங்களில் பாடு முறை இருக்கிறது. யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை கட்டுவது என்பதற்குச் சபையில் எல்லாரும் பார்க்கச் சீட்டுப் போடுவார்கள். அதில் திருட்டுத்தனம் செய்ய முடியாது. ஆனால் சீட்டில் யார் பெயர் எழுதலாம் என்பது பிறப்பிலேயே தீர்மானமாகிவிட்டது. வெளியே நிற்கிறவனுக்கும் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, தன் பெயர் இல்லை என்பது உட்பட.

இப்போது பயணிகள் வண்டியின் பார்சல் பெட்டியில் 4 டன் அறையைக் குத்தகைக்கு விடுகிறார்கள். 2022 முதல் அது இணையவழி ஏலம். குத்தகைக்காரர் ரயில்வேக்கு எவ்வளவு கட்டுகிறார் என்பது ஏலத்தில் தெரிந்துவிடும். அதே அறையில் ஒரு பெட்டி மீன் ஏற்ற அவர் நம்மிடம் எவ்வளவு வாங்கலாம் என்பது நான் பார்த்த எந்த நிலையத்துப் பலகையிலும் இல்லை.

ஜமீலாபாத் நண்பர்தான் ஒருநாள் சொன்னார். குர்ஆனிலேயே நீளமான வசனம் சொர்க்கத்தைப் பற்றியதல்ல, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது: இரண்டாம் அத்தியாயம், 282. தவணைக் கடன் என்றால் எழுது, சாட்சி வை. கைக்குக் கை மாறும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை. எழுதத் தெரிந்தவன் எழுத மறுக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறதாம். கிளார்க்குக்கு அதைவிட நேராக யார் சொல்ல முடியும்? குப்பத்துப் பெண்கள் கேட்டதற்காகப் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து ரயில்வேக்கு ஒரு தகவல் உரிமை மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் கேள்வி: குத்தகை அறையில் ஏற்றும் ஒரு பெட்டிக்கு வாங்கும் கட்டணத்துக்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு உண்டா? இரண்டாவது: உண்டு என்றால், அதை எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள்?