வானம் ஒன்று, மனம் பல

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்தே வான் சிறப்பை வைத்தார். தொல்காப்பியர் நிலத்தைத் திணைகளாகப் பகுத்து, அவற்றிற்குரிய பொழுதையும் தொழிலையும் வகுத்துக் காட்டினார். வானம் ஒன்றே ஆயினும், அதனை நோக்கும் மனம் வாழும் நிலத்திற்கேற்ப வேறுபடும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று.

புவி வெப்பமாதல் பற்றிய மக்கள் கருத்தை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் சிலர், 2009-இல் தம் நாட்டாரைப் பேரச்சம் கொண்டோர் முதல் அறவே மறுப்போர் ஈறாக ஆறு வகையினராகப் பகுத்தனர். நம் நாட்டினரும் இதில் ஒரு மனத்தினர் அல்லர். இவ்வேறுபாட்டிற்கு அறியாமையே காரணம் என்பர் கற்றோர் சிலர். அக்கூற்று பொருந்துமா என்பதை நாம் வாழும் கேரள மண்ணிலேயே காண்போம்.

மட்டாஞ்சேரிக்குத் தெற்கேயுள்ள செல்லானம் நெய்தல் நிலம். கடலரிப்பிற்குக் காரணங்கள் பலவெனினும், உயரும் கடல் அதனை மேலும் கொடிதாக்கும். அலை வீட்டினுள் புகக் கண்ட அம்மக்கள் காப்புச் சுவர் வேண்டிப் பல்லாண்டு போராடினர். 2022-இல்தான் டெட்ராபாட் கற்களாலான சுவர்ப்பணி தொடங்கிற்று. ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில் வெயிலை நம்பித் துணி உலர்த்தும் நம் தமிழ் மக்களும், பருவம் தவறிய மழையின் விலையைக் கருத்தரங்குகளுக்குச் செல்லாமலே அறிவர்.

இனிக் குறிஞ்சிக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்கும் வழிகளை மாதவ் காட்கில் குழு 2011-இல் எடுத்துரைத்தது. அதனை அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் குழுவின் பரிந்துரைகளைச் செயற்படுத்த அரசு முனைந்தபோது, 2013-இல் இடுக்கியிலும் வயநாட்டிலும் எதிர்ப்பு மூண்டது. தலைமுறை தலைமுறையாக மண்ணோடும் மழையோடும் பழகிய மலை உழவர் இயற்கையை அறியாதவரா? நிலமும் பிழைப்பும் பறிபோகுமோ என்னும் அச்சமே அவரை வீதிக்கு அழைத்தது. 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்திற்குப்பின், காட்கிலின் எச்சரிக்கை நாடெங்கும் மீண்டும் பேசப்பட்டது. ஆயினும் உழவரின் அச்சம் அதனால் தீர்ந்ததா?

மழை பெய்யினும் பொய்ப்பினும் மாதச் சம்பளம் பெறும் நம்மனோர்க்கு, மலையைக் காக்க வேண்டும் என உரைத்தல் எளிது. அதற்கென நாம் இழப்பது ஒன்றுமில்லை. ஒருவர் உண்மையை ஏற்பதும் மறுப்பதும் அவருடைய அறிவை மட்டும் பொறுத்ததன்று. அதற்கு அவர் கொடுக்க நேரும் விலையையும் பொறுத்தது.

ஆதலின் மறுப்போரை அறிவிலார் என இகழ்தல் அறமாகாது. அவரை நோக்கி, "ஏன் நம்பவில்லை?" என வினவுமுன், "உம் இழப்பில் எம் பங்கு எவ்வளவு?" என வினவுவோம். மலைநிலத்தார் காக்கும் காட்டினால் கடற்கரையாரும் நகரத்தாரும் பயன் பெறுவர். பயனைப் பகிர்ந்துகொள்பவர் சுமையையும் பகிர்ந்துகொள்ளுதலே முறை.