மணமும் மதமும்

பந்தலிலே புகை. புகை நடுவே இருவர். கண் எரிகிறது, நீர் வழிகிறது, வாயோ புரோகிதர் சொல்வதைத் திருப்பிச் சொல்கிறது. பொருள் என்ன? மணமகன் அறியான்; மணமகள் அறியாள்; வாழ்த்த வந்தோரில் பெரும்பாலோரும் அறியார். ஆனால், சடங்கு குறைந்தால் மணம் குறைபடும் என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை! வாழ்நாளெல்லாம் காக்க வேண்டிய உறுதிமொழியை, விளங்காத மொழியிலே அளித்தால் அது உறுதிமொழியாகுமா?

“நம்பிக்கையை நகைக்காதீர், ஐயா! கடவுள் சாட்சியாக நடந்த மணமே நிலைக்கும். அச்சம் போனால் அறமும் போகும்” என்பர் பெரியவர் சிலர். எள்ளி ஒதுக்கத்தக்க வாதமன்று இது. நம்பிக்கை உள்ளோர், தாம் நம்பும் கடவுள் முன் நின்று சொல் கொடுப்பது அவர்தம் உரிமை. நாம் கேட்பது வேறு. மணத்தை மணமாக்குவது எது? சாட்சியா, சொல்லா?

தொல்காப்பியரைக் கேட்போம். பொய்யும் தவறும் மக்களிடையே தலைகாட்டிய பின்னரே மணத்திற்குக் கரணம் வகுக்கப்பட்டது என்கிறது கற்பியல். எண்ணிப் பாருங்கள்! முதலில் இருந்தது, இருவர் உள்ளம் ஒன்றிய உறவு. கரணமோ, “உன்னை நான் அறியேன்” என்று நாளை ஒருவன் நாக்கூசாமல் சொல்லிவிடாதிருக்கப் போட்ட வேலி. வேலியையே பயிரென்று கொண்டாடத் தொடங்கியது பின்னாள் வினை!

அந்த வினைக்கு விலை கொடுத்தோர் பலர். வெள்ளையர் ஆட்சியில் வந்த 1872 ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், தன்னை நாடி வந்தோரை, இந்து, கிறித்தவம், இசுலாம் முதலிய மதங்களில் எதையும் தாம் பின்பற்றவில்லை என்று உரைக்கச் செய்தது. துணை வேண்டுமா, மதத்தைத் துற என்றது! 1953 இல், சுயமரியாதைத் திருமணம் ஒன்று உரிய சடங்குகளின்றி நடந்ததால் செல்லாது எனத் தீர்ப்பளித்தது சென்னை உயர்நீதிமன்றம். ஊரறிய வாழ்ந்த வாழ்வு, சட்டத்தின் முன் மணமாகவில்லை!

அந்த இழுக்கைத் துடைத்தது, அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1967 இல் நிறைவேறிய சட்டத் திருத்தம். உற்றார், நண்பர் முன்னிலையில், விளங்கும் மொழியிலே ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறலாம்; மாலை மாற்றலாம்; மோதிரம் அணிவிக்கலாம்; தாலி கட்டலாம். ஏதேனும் ஒன்று போதும்; முன்பு அவ்வாறு நடந்தேறிய மணங்களும் செல்லும் என்றது.

வெற்றிதான். முழு வெற்றியா? அந்தத் திருத்தம் இரு இந்துக்களுக்கு மட்டுமே உரியது. மதம் மாறாமலே, மதம் கடந்து மணக்க விரும்புவோர், 1954 ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாட வேண்டும். அங்கே மதத்தைத் துறக்கச் சொல்வதில்லை. ஆனால் முப்பது நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள். மணக்கப் போகிறவர் விவரம் அலுவலகத்திலே ஊரார் பார்வைக்கு ஒட்டப்படுகிறது. காதலுக்குக் கதவு திறந்த சட்டம், வெறியருக்குச் சாளரம் திறந்து வைத்திருக்கிறது!

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம் வீட்டுக்கு வருவோம்.

நம்பாத மகன், தாயின் மனம் நோகுமே என்று புகை முன் அமர்கிறான். அன்பு என்கிறான். அன்புதான்! ஆயினும், இல்லறத்தின் முதற்சொல்லே அவன் நம்பாத சொல்லாகிவிடுகிறதே! தாயிடம் உண்மையைப் பணிவோடு கூறுவதும் அன்பல்லவா?

மற்றொருவன், மேடையிலே பகுத்தறிவு முழங்குகிறான். வீட்டிலே மனைவி ஏற்றிய விளக்கை ஊதி அணைக்கிறான். திருநீறு பூசாத மருமகனுக்குச் சோறில்லை என்னும் மாமனாருக்கு, இவன் எவ்வகையில் மேல்? இருவரும் பிறர் நெஞ்சுக்குப் பூட்டுப் போடுகிறவர்களே. பகுத்தறிவு பேசிப் பணிய வைப்பதும் அடிமைத்தனந்தான். மனைவியின் ஐயம் தீரப் பேசலாம், ஆணையிடலாகாது. அவளும் அவ்வாறே, தன் நோன்பை அவன் தலையில் ஏற்றலாகாது.

மதம் ஒவ்வொருவர் நெஞ்சுக்குரியது. மணம் இருவருக்கும் பொது. கடவுளை நம்பும் கணவனும் நம்பாத மனைவியும் ஓர் அடுப்பில் சமைத்து, ஒரு பாயில் துயின்று, ஒரு குழந்தையை வளர்த்திட முடியும். ஒருவர் சொல்லை மற்றவர் நம்பினால்! அந்த நம்பிக்கை இல்லையேல், ஆயிரம் மந்திரமும் அந்த இல்லறத்தைக் காவா.

வேலியைச் சட்டம் போடட்டும். பயிரை இருவரும் வளர்க்கட்டும்!