பங்காளிகள் யார்?

இரு நாடுகளின் தலைவர்கள் கைகுலுக்கும் படத்தின் கீழே இன்று தவறாமல் அச்சாகும் சொல் 'பங்காண்மை' என்பது. அபிவிருத்தி, சமூக உள்வாங்கல், நலிந்த மக்களின் மேம்பாடு என்பன அதன் பின்னே வரிசையாக வரும். பங்காளி என்ற சொல்லுக்கு நம் ஊர்களில் வேறொரு பொருளும் வழங்குகிறது. ஒரே முதுசத்தில் உரிமையுள்ளவன் பங்காளி. அதைப் பிரிக்கும் நாளில் முதலில் வேலியோரம் வந்து நிற்பவனும் அவனே. இப்பொருளை மனத்திற்கொண்டு, இந்திய - இலங்கை உறவின் பழைய ஏடொன்றைப் புரட்டிப் பார்க்கலாம்.

1948-ம் ஆண்டின் 18-ம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதற்கு முந்திய ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அவர்கள். பதினாறு ஆண்டுகளின் பின், 1964 ஒக்டோபர் 30-ம் திகதி, புதுடில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கையில் கைச்சாத்திட்டனர். மொத்தக் கணக்கு 975,000 பேர். அவர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரின் விதி பின்னர். அந்தப் 'பின்னர்' 1974-ல் வந்தது. ஆளுக்கு 75,000 எனச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். முதுசத்துப் பசுக்களைப் பிரிப்போர்கூட மடி பார்ப்பார்கள், வயது பார்ப்பார்கள். இங்கே அதுவும் இல்லை.

இவ்வுடன்படிக்கையை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் மாணவர் கேட்பது ஒன்றே: "சேர், அந்த மக்களில் யாராவது அங்கே இருந்தார்களா?"

இருக்கவில்லை. ஆயினும் இதைக் கண்டிப்பது இன்று மிக எளிதாகிவிட்டதால், எதிர்வாதத்தையும் கேட்டாக வேண்டும். நாடற்றவனுக்காக நாடுகளே பேச முடியும். இரண்டு அரசுகளும் மௌனமாக இருந்திருந்தால் அம்மக்கள் இன்னும் நெடுங்காலம் அந்தரத்தில் தொங்கியிருப்பர். குறையுள்ள தீர்வு தீர்வின்மையினும் மேல் என்பர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஒருவன் சார்பாகப் பேசுவது வேறு, அவனைக் கேளாமலே அவன் எங்கே வாழ வேண்டுமென்று பேரம் பேசுவது வேறு. பேச வாயிருந்தவனின் வாக்குரிமையைப் பறித்துவிட்டு, அவன் பேச முடியாதவனாதலால் நாமே பேசினோம் என்பது என்ன நியாயம்? பின்னர் விண்ணப்பம் கோரியபோது அம்மக்களே விடை சொன்னார்கள். இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்ட தொகையினும் குறைவானோர் அங்கே செல்ல மனுச் செய்தனர்; இலங்கைக்கென ஒதுக்கியதினும் கூடுதலானோர் இங்கேயே இருக்க விரும்பினர். இருந்தும் தலைமன்னாருக்கு ரயில்கள் ஓடின. மலையகத்தார் அந்த ரயிலை அழுகைக் கோச்சி என்றார்கள். இங்கே இந்தியாக்காரரென்று ஏசப்பட்டவர்கள் நீலகிரியில் இறங்கியதும் சிலோன்காரராயினர். இறுதியில் 1988-லும் 2003-லும் பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களே எஞ்சியோருக்கு இந்நாட்டுக் குடியுரிமையை வழங்கின. 1948-லேயே செய்திருக்கக்கூடிய காரியம் அது.

அரசுகளை மட்டும் ஏசிவிட்டு நாம் நழுவிவிட முடியாது. தமிழ்க் காங்கிரஸ் உடைந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியதற்கு இக்குடியுரிமைப் பிரச்சினையும் ஒரு காரணம். அந்த எதிர்ப்பை மதிக்கிறேன். ஆனால் வெள்ளவத்தையின் மாடி வீடுகளில் தமிழரின் உரிமை பற்றி உரத்துப் பேசிய எத்தனையோ வரவேற்பறைகளில், தேநீரைக் கொண்டுவந்து வைத்தது தோட்டத்திலிருந்து வேலைக்குக் கொண்டுவரப்பட்ட பத்து வயதுப் பிள்ளை. 'தோட்டக்காட்டான்' என்ற சொல் எந்த அரசாங்கத்தின் வர்த்தமானியிலும் அச்சானதல்ல. நம் வீடுகளில் வழங்கியது. கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்கும் நகரசுத்திக்கும் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரோடு சம்பந்தம் பேச நம்மில் எத்தனை பேர் முன்வந்தோம்?

இன்றைய பங்காண்மை பழையதிலும் நாகரிகமானது என்பதை மறுக்கவில்லை. இந்திய உதவியில் மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். மலையகத்தார் வந்து 200 ஆண்டு நிறைந்ததையொட்டி 2023-ல் 75 கோடி இந்திய ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஒழுகும் லயக் காம்பராவிலிருந்து ஓட்டு வீட்டுக்குப் போகும் தாயிடம் சென்று, இது தானமா உரிமையா என்று தத்துவம் பேசுவது வெட்கக்கேடு. அவள் போகட்டும். கேள்வி அந்த வீட்டின் அடியிலிருக்கும் மண்ணைப் பற்றியது. 1972-லும் 1975-லும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. காட்டை வெட்டித் தேயிலை நட்டவனின் பேரப்பிள்ளைக்கு அந்நிலத்தில் ஏழு பேர்ச்சஸ் ஒதுக்குவதற்கே எத்தனை கையொப்பம், எத்தனை இழுபறி! கல்லும் சீமெந்தும் டில்லியின் பணத்தில் வரலாம். காணி உறுதியில் யாருடைய பெயர் என்பதைத் தீர்மானிக்க வேண்டியது கொழும்பு. மலையகத்தார் வெகுகாலமாகக் கேட்டுவருவதும் அந்தக் காகிதத்தைத்தான்.