மூன்று மில்லிமீட்டர் செங்கல்

ரயில் மாதிரிகள் செய்கிறவர்களிடையே பிரிட்டனில் பரவலாக வழங்கும் அளவு, ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். அசலில் ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு. இந்தக் கணக்கில் 9 அங்குலச் செங்கல் 3 மில்லிமீட்டராகிறது. சாந்தோடு சேர்த்து 3 அங்குலம் உயரும் ஒரு வரிசை 1 மில்லிமீட்டர். 30 அடி நீளமும் 16 அடி உயரமும் கொண்ட சுவரை அட்டையில் எழுப்ப, வரிசைக்கு 40 கல்லாக 64 வரிசை கீற வேண்டும். கதவு, ஜன்னல்களைக் கழித்தாலும் 2000 கல்லை ஒட்டி வரும். ஒவ்வொன்றின் விளிம்பையும் பிளேடு நுனியால் கீறி, ஒவ்வொன்றுக்கும் தனியாக நிறம் தொட்டு வைக்கிறவனைப் பொழுதுபோக்குக்காரன் என்று சொல்லி நாம் நகர்ந்துவிடலாம். ஆனால் அவன் செய்கிற காரியம் கலையைப் பற்றிய பழைய கேள்வி ஒன்றை மிக ஸ்தூலமான வடிவில் நம் முன் வைக்கிறது. இருந்த ஒன்றை இருந்தபடியே திரும்பச் செய்வது அதற்கு நாம் செலுத்தும் விசுவாசமா, அல்லது அதைக் கைக்குள் அடக்கிக்கொள்ளும் ஆசையா?

லெவி-ஸ்ட்ராஸ் 1962இல் வெளிவந்த 'லா பான்ஸே ஸோவாஜ்' நூலில் சிறிதாக்கப்பட்ட உருவைப் பற்றிப் பேசுகிறார். பெரிய பொருளை நாம் பகுதி பகுதியாகத்தான் அறிகிறோம். சிறிதாக்கியதும் முழுமை முதலில் கண்ணில் படுகிறது, பகுதிகள் பின்னால் வருகின்றன. இதனால் பொருளின்மேல் நமக்கு ஓர் ஆதிக்கம் கிட்டியதாகத் தோன்றுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். பார்வையாளனைப் பொறுத்தவரை இது சரி. செய்கிறவனுக்கு இது பொருந்துமா என்பது சந்தேகம். அவன் முழுமையைக் காண்பது கடைசியில்தான். அதுவரை அவனுக்குக் கல்தான் இருக்கிறது. அடுத்த கல் இருக்கிறது. ஒரே பொருள் பார்க்கிறவனுக்கு ஆதிக்கத்தையும் செய்கிறவனுக்குப் பணிவையும் கற்றுத்தருகிறது. சிறிதாக்கலின் அறம் பற்றிய குழப்பங்களில் பல, இந்த இரண்டு அனுபவங்களையும் ஒன்றாக்கிப் பேசுவதால் வருபவை.

சிறிதாக்கல் தன் போக்கிலேயே ஒரு பொய்யைக் கொண்டுவருகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் இதற்கான காரணம் இருக்கிறது. நீளம் குறைகிற விகிதத்தில் பரப்பும் கனமும் குறைவதில்லை. நீளம் 76இல் ஒரு பங்கானால் பரப்பு 5776இல் ஒரு பங்காகிறது. கன அளவு 4,38,976இல் ஒரு பங்காகிறது. ஆகவே அட்டைச் சுவருக்குத் தாங்குவதற்கென்று பாரமே இல்லை. அசல் வீட்டின் உத்தரமும் சுவரும் எந்தப் பாரத்துக்குப் பதிலாகப் பிறந்தனவோ, அந்தப் பாரம் இங்கே காணாமல் போய்விட்டது. மாதிரி வீட்டில் முகம் இருக்கிறது, எலும்பு இல்லை. தண்ணீர் இன்னும் பிடிவாதமானது. மாதிரி ஓடையில் நிஜத் தண்ணீரை விட்டால் அது ஓடையாகத் தெரியாது, சிந்திய தண்ணீராகத்தான் தெரியும். அதன் பரப்பு இழுவிசை நம் விகிதத்துக்குக் கட்டுப்படாது. வார்னிஷைப் பூசித்தான் ஓடையைக் காட்ட வேண்டும். உண்மையாக இருக்க வேண்டுமானால் அசலை விட்டு விலகியாக வேண்டிய இடம் இது.

இதற்கு நேர்மாறான பொய்யும் இதே உலகில் உண்டு. பிரிட்டிஷ் எஞ்ஜின்களின் உடல் சிறியது. அன்றைய மோட்டார் அதற்குள் அடங்கவில்லை. ஆகவே எஞ்ஜினையும் பெட்டியையும் அடிக்கு 4 மில்லிமீட்டராகப் பெரிதாக்கிவிட்டு, தண்டவாள இடைவெளியை மட்டும் அடிக்கு 3.5 மில்லிமீட்டர் கணக்கில் வந்த 16.5 மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டார்கள். 4 அடி எட்டரை அங்குலம் என்பது 18.83 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். சுற்றியுள்ள வீடும் ஸ்டேஷனும் சரியான அளவில் நிற்க, நடுவே ஓடுகிற பாதை மட்டும் ஏழெட்டு அங்குலம் ஒடுங்கிப்போனது. எல்லோரும் ஒப்புக்கொண்ட பொய் கொஞ்ச நாளில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். 1960களில் சிலர் 18.83 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு சக்கரத்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாகச் செய்யத் தொடங்கியபோது, அவர்களைப் பித்தர்கள் என்று நினைக்க இடமிருந்தது. எனக்கு அவர்கள்பால் மரியாதை உண்டு. வார்னிஷ் ஓடை பொருளின் நிர்ப்பந்தத்தால் விளைந்தது, 16.5 மில்லிமீட்டர் சௌகரியத்தால் விளைந்தது. இரண்டும் அசலிலிருந்து விலகல்கள்தான். விலகியதன் காரணம்தான் இரண்டையும் அற ரீதியாக வேறாக்குகிறது.

இந்தக் கேள்வியின் முழுப் பரிமாணத்தையும் பார்க்க ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளலாம். ராய் இங்கிலண்ட் ஆஸ்திரேலியாவிலிருந்து 1925இல் இங்கிலாந்து வந்தவர். சுண்ணாம்புக் குன்றில் கீறிய குதிரை உருவத்தால் பெயர் பெற்ற வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கில், வைக்கோல் வேய்ந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக மாற்றப்படுவதையும் இடிபடுவதையும் கண்டார். அவற்றை அளந்து, படமெடுத்து, அட்டையிலும் நீர்வர்ணத்திலும் திரும்பக் கட்ட ஆரம்பித்தார். குழாய் வேலைக்காரர்கள் மூட்டுகளில் சுற்றும் சணல் அங்கே கூரையாயிற்று. 1954இல் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் இது பெண்டன் மியூசியமாகத் தொடங்கியது. 1920, 30களின் பள்ளத்தாக்கைக் காட்டும் அந்தக் காட்சியின் மையத்தில் உள்ள ஊரின் பெயர் பெண்டன் பார்வா. அதிலுள்ள வீடுகள் பள்ளத்தாக்கின் பல ஊர்களில் நின்ற அசல் வீடுகளின் பிரதிகள். ஆனால் அப்படி ஓர் ஊர் எங்கும் இருந்ததில்லை.

ஒவ்வொரு சுவரும் உண்மை, ஊர் கற்பனை. யதார்த்தவாத நாவலின் நிலையும் இதுதான் என்பதை நாம் கவனிக்க வேண்டும். விவரங்கள் அத்தனையும் சரிபார்க்கக் கூடியவை. அவற்றை அடுக்கிய ஒழுங்கு ஆசிரியனுடையது. அவனுடைய ஆசைகள் ஒளிந்திருப்பதும் அந்த ஒழுங்கில்தான். சிதறிக் கிடந்த அழகான வீடுகள் ஓரிடத்தில் கூடும்போது, எந்தக் கல்லிலும் பொய் இல்லாமலேயே, இல்லாத ஓர் அமைதி உருவாகிவிடுகிறது. இதே மியூசியத்தில் வைத்துக் காக்கப்படும் ஜான் அஹெர்னின் மேடர் பள்ளத்தாக்கு இந்த விஷயத்தில் வெளிப்படையானது. அது தன்னைக் கற்பனை நிலப்பரப்பு என்றே சொல்லிக்கொள்கிறது. விவரத்தின் துல்லியம் கூடக்கூட, முழுமையின் கற்பனை கண்ணுக்குத் தப்பும் அபாயமும் கூடுகிறது.

அந்த வீடுகளில் யார் இருந்தார்கள்? பெரும்பகுதி பண்ணைக் கூலிகள். விவசாயக் கூலிக்கும் விளைபொருள் விலைக்கும் இருந்த அரசு உத்தரவாதம் 1921இல் விலக்கப்பட்டது, கூலி சரிந்தது. வீடு பலருக்கு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். இப்படிப்பட்ட குடியிருப்போருக்குச் சட்டப் பாதுகாப்பு வர 1976 ஆயிற்று. சுவரில் ஏறிய ஈரத்தை நீர்வர்ணத்தால் காட்ட முடியும். சனிக்கிழமைக் கூலியை எண்ணி வாங்கும்போது அடுத்த வாரம் வேலை உண்டா என்று இருந்த பயத்தை எந்த வர்ணத்தாலும் காட்ட முடியாது. அப்படியானால் இது முழுவதும் வலியைக் கழுவி எடுத்த ஏக்கம்தானா?

அப்படிச் சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். நியாயமாக இருக்காது என்று நினைக்கிறேன். அரசர்களின் மாளிகைகளுக்கு வரலாறு தானாகவே நேரம் ஒதுக்குகிறது. ஒரு பன்றிக் கொட்டிலின் சுவருக்கு, பண்ணை முதலாளி வீட்டுச் சுவருக்குக் கொடுத்த அதே மணிக்கணக்கைக் கொடுப்பது சாதாரண விஷயமில்லை. கையால் செய்வதன் அவசியமும் இங்கேதான் புரிகிறது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் சுவர் கடையில் கிடைக்கிறது. அதில் ஒரே கற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எவனும் எந்தக் கல்லையும் பற்றி முடிவெடுக்கவில்லை. கீறுகிறவனோ ஒவ்வொரு கல்லிலும் முடிவெடுக்கிறான். இந்த மூலையைப் பிற்காலத்தில் யாரோ வேறு சூளைக் கல்லால் சரிசெய்திருக்கிறான். இந்த ஜன்னலை அடைத்திருக்கிறார்கள். அந்த வரிசை சற்றுத் தாழ்ந்திருக்கிறது. பெயர் தெரியாத ஒரு கொத்தனின் வேலையை இன்னொரு கை, பல தலைமுறை தள்ளி, கல் கல்லாகத் திரும்பச் செய்கிறது. உழைப்பை உழைப்பாலேயே அறிந்துகொள்வது என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் வீட்டைக் கவனிப்பது வீட்டிலிருந்தவனைக் கவனித்ததாகாது. மாதிரி செய்து வைத்ததற்காக எந்த வீடும் இடிபடாமல் நின்றுவிடுவதுமில்லை. சுவருக்குத்தான் தான் சாட்சி, வாழ்வுக்கு அல்ல என்பதை அறிந்து செய்கிறவனிடம் பொய் இல்லை. கண்ணாடிக்கு இப்புறம் நின்று, அசைவின்மையை அமைதி என்று எடுத்துக்கொள்கிற நம்மிடம்தான் பொய் தொடங்குகிறது.

ராய் இங்கிலண்ட் 1995இல் இறந்தார். பள்ளத்தாக்குக் காட்சி அப்போது முடிந்திருக்கவில்லை, பிறர் தொடர்ந்தார்கள். தொடர்கிறவர்கள் அந்தக் காலத்துப் பள்ளத்தாக்கைக் கண்ணால் கண்டவர்கள் அல்ல. புகைப்படமும் அளவுக் குறிப்பும்தான் அவர்களுக்கு உள்ளவை. தாங்கள் இழக்காத ஒன்றுக்காக அட்டையில் கல் கீறுகிறார்கள். ஏக்கம் என்ற சொல் இங்கே பொருந்தாது. ஒரு மனிதன் உலகத்தின் ஒரு மூலையை எவ்வளவு கூர்ந்து பார்த்தான் என்பதற்கே அவர்கள் விசுவாசமாக இருக்கிறார்கள். அந்தக் கூர்மை அடுத்த தடவை சுவரைத் தாண்டி உள்ளே இருக்கிறவன்மேல் விழுமா என்பதை, சிறியதாகச் செய்வதில் எத்தனை தேர்ச்சி பெற்றாலும் கை தீர்மானிக்க முடியாது.